கறந்த சூடு

ஏ.சி.யைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல வேண்டும் என்று வந்து உட்கார்ந்ததிலிருந்து நினைக்கிறேன், சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பின்வரிசைப் பிள்ளைகள் ஒருவர் காதை ஒருவர் கடிப்பார்கள், கோல்டு ரூம் மேடத்துக்கே குளிருதாம் என்று. கோல்டு ரூம் மேடம் என்பது நான்தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்குத் தெரியாமல் ஈ பறக்குமா? குளிரறை வேண்டும், குளிரறை இல்லாமல் பால் ஆராய்ச்சி என்ன ஆராய்ச்சி என்று டீன் அறைக்கும் கட்டடப் பிரிவுக்கும் செருப்புத் தேய நடந்து வாங்கியவள் நான். அதனால் அந்தப் பெயரைக் கேட்டால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். இப்போது அந்தப் பெருமை முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு கருத்தரங்க அறையின் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் பேராசிரியர் ராமபத்ரன், வெளியிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர். மடியில் கோகிலவாணியின் ஆய்வேடு, பக்கங்களுக்கு நடுவே மஞ்சள் காகிதத் துண்டுகள் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு நாக்கும் ஒரு கேள்வி. மேடையில் கோகிலா. அரக்கு நிறப் பட்டு, கட்டிப் பழக்கமில்லாத பட்டு, கொசுவத்தை அடிக்கடி காலால் தள்ளிக்கொள்கிறாள். இன்றைக்கு வாய்மொழித் தேர்வு முடிந்தால் அவள் டாக்டர் கோகிலவாணி, என்னுடைய முதல் டாக்டரேட் மாணவி, இல்லை, தப்பு, முதல் மாணவி இல்லை, ஐந்தாவதோ ஆறாவதோ, ஆனால் பேசத் தெரிந்த முதல் மாணவி. மற்றவர்களெல்லாம் மைக்கைப் பார்த்தாலே தொண்டை அடைத்துப் போவார்கள்.

பால் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் என்ன என்று ஆரம்பித்திருக்கிறாள். நல்லது, அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். அவள் அம்மாவும் மாமியாரும் இரண்டாவது வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஏதாவது புரிய வேண்டாமா? பாலில் கேசின் என்று ஒரு புரதம், அதிலும் ஒன்றல்ல, ஆல்ஃபா, பீட்டா, காப்பா என்று வகைகள், எல்லாம் சேர்ந்து உருண்டை உருண்டையாகத் திரண்டு மிதக்கின்றன, அந்த உருண்டைக்கு மிசெல் என்று பெயர், கண்ணுக்குத் தெரியாத அந்த உருண்டைகள் மேல் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் பால் வெள்ளை. எல்லா உருண்டையிலும் எல்லாக் கேசினும் ஒரே அளவில் இருக்குமா, பெரிய உருண்டையில் எது அதிகம், சின்ன உருண்டையில் எது அதிகம்? காங்கேயம் மாட்டுப் பாலில் அந்தப் பங்கீடு எப்படி? இதுதான் ஆய்வு. காப்பா எப்போதும் வெளித்தோலில் நிற்கும், ஒரு உருண்டை இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அதுதான். ஆகவே சின்ன உருண்டைகளில் காப்பாவின் பங்கு அதிகம். ஏன்? "ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரிச்சுப் பாருங்க, ஒரு கிலோ பெல்லாரி உரிச்சுப் பாருங்க. எதுல தோல் அதிகமா விழுகுதுன்னு நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு நல்லாத் தெரியும்" என்கிறாள் கோகிலா. அறையே சிரிக்கிறது. அவள் மாமியார் தலையைத் தலையை ஆட்டுகிறார். ராமபத்ரன்கூடப் பல்லைக் காட்டுகிறார். "இது என்னோட சொந்தச் சரக்கு இல்லீங்க. எங்க மேடம் கிளாஸ்ல சொல்றதுங்க" என்று என்னைக் கை காட்டுகிறாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். போதும் போதும் என்பதுபோலக் கையை அசைக்கிறேன், ஆனால் போதவில்லை, இன்னும் கொஞ்சம் பார்த்தால் என்ன என்றுதான் இருக்கிறது. வெங்காயத்துக்கே இவ்வளவு நன்றி சொல்கிற பெண்.

இவளை நான் கொஞ்சமாகவா படுத்தியிருக்கிறேன். முதலில் கல்யாணம் என்றாள், சரி. அப்புறம் பிள்ளை என்றாள். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தவள் முன்போலவா இருந்தாள்? பாதி நேரம் பெண்கள் ஓய்வறைக்கு ஓட்டம். ஒரு தடவை போனால் பரவாயில்லை, காலையில் வந்ததும் போவாள், திரும்பி வருவாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி. பால் கட்டிக்கொள்ளும், எடுக்க வேண்டும், தெரியாதா எனக்கு? எனக்குப் பிள்ளை இல்லையே தவிர அறிவும் இல்லாமல் போய்விடவில்லை. இருந்தாலும் எத்தனை தடவை. ஒருநாள் எல்லோரும் இருக்கும்போதே கேட்டுவிட்டேன், "ஏன் கோகிலா, ஊருக்கே பால் ஊத்தப் போறியா?" என்று. ஆய்வகமே சிரித்தது. அவளும் சிரித்தாள், முகம் சிவந்து, "இல்லீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு டெஸ்ட் டியூப் ஸ்டாண்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வார்த்தையை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. நல்ல நக்கல். நான் பேசினால் யாராலும் பதில் பேச முடியாது என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, அதையும் காப்பாற்ற வேண்டாமா?

பின்னால் குழந்தை அழுகிறது. கோகிலாவின் குழந்தைதான், இரண்டு வயதாகப் போகிறது, இப்போது அப்பா திருமூர்த்தியின் தோளில். அவர் ஒரு துண்டை எடுத்துப் போர்த்துகிறார், அது உதறுகிறது, மறுபடி போர்த்துகிறார். கோகிலா பேசிக்கொண்டே ஒரு கண்ணை அங்கே வைத்திருக்கிறாள். திருமூர்த்தி எழுந்து குனிந்தபடி கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறார். கதவு திறந்த நேரத்தில் வெளியே இருக்கிற வெயில் ஒரு மூச்சு உள்ளே வந்து என் காலில் படுகிறது, என்ன சுகம். "குளிருங்க அதுக்கு" என்று அந்த மாமியார் யாரிடமோ மெல்லச் சொல்கிறார். "குளிரு தாங்காம வெளிய போயிருச்சு." குளிர் தாங்காமல் வெளியே போய்விடும். குளிர் தாங்காமல் வெளியே. இது என் வாக்கியமாயிற்றே. நான் வகுப்பில் சொல்கிற வாக்கியம், வெங்காயத்துக்கு அடுத்த வாரம் சொல்கிறது. மற்றதெல்லாம் உள்ளேயே கிடக்கும் பிள்ளைகளே, இந்தப் பீட்டா இருக்கிறதே, அது சொகுசுக்காரி, பாலைக் குளிரில் வைத்தால் தாங்காது, உருண்டையை விட்டுக் கழன்று வெளியே நீருக்கு வந்துவிடும். அப்புறம் உருண்டைக்குள் அது எவ்வளவு இருந்தது என்று நீங்கள் கணக்குப் பார்த்தால் அது பாலின் கணக்கு இல்லை, உங்கள் ஃபிரிட்ஜின் கணக்கு. ஃபிரிட்ஜின் கணக்கு என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன், சிரிப்பதற்கு இடம் விட்டு. கோகிலாவின் பால் எங்கே இருந்தது?

எங்கே இருந்தது, குளிரறையில்தான் இருந்தது. என் குளிரறையில். நாலு டிகிரியில், ராத்திரி முழுக்க. காலையில் கறந்து வருகிற பால், உருண்டைகளைச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜில் அன்றைக்கு இடம் கிடைக்காது, மறுநாள்தான் சுற்ற முடியும். அதுவரை? அவள் முதலில் வெளியேதான் வைத்திருந்தாள். கெட்டுப் போகாமல் இருக்க மருந்து சேர்த்து, மூடி, பெயர் எழுதி, மேசை மேல் அறைச் சூட்டில். சரியாகத்தான் வைத்திருந்தாள். நான்தான் உள்ளே வந்தேன். பார்த்தேன். அன்றைக்கு யாரோ வெளியூர்க் கல்லூரிக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள், அவர்களுக்குக் குளிரறையைக் காட்டப் போய்க்கொண்டிருந்தேன், வழியில் மேசை மேல் பால். "இது என்ன டீக்கடையா? இவ்வளவு பெரிய ரூம் எதுக்குக் கட்டி வெச்சிருக்கு? பாலை வெளிய வெச்சிருக்கறவளுக்கு டாக்டரேட் ஒரு கேடா?" அப்படியேதான் சொன்னேன். கேடா என்று சொன்னேன். அவள், "மேடம், பீட்டா…" என்று ஆரம்பித்தாள். ஆமாம், ஆரம்பித்தாள், இப்போது காதில் கேட்கிறது, பீட்டா என்ற வார்த்தை வரைக்கும் வந்தாள். "பேசாதே" என்றேன். அன்றிலிருந்து பால் குளிரறைக்குப் போயிற்று. வந்தவர்கள் கல்லூரியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். நான் சொல்லிக்கொடுத்ததையே அவள் எனக்கு ஞாபகப்படுத்த வந்தாள், நான் என் குளிரறையைக் காப்பாற்றிக்கொண்டேன். வெட்கக்கேடு. வகுப்பில் நக்கலடிக்கத் தெரிந்தவளுக்கு ஆய்வகத்தில் புத்தி எங்கே போயிற்று? இத்தனை காலம், ஆய்வேட்டை எத்தனை தடவை படித்தேன், நாலு டிகிரி என்ற இடம் வரும்போதெல்லாம் சபாஷ், ஒழுக்கம் என்றுதானே தாண்டிப் போனேன்.

ராமபத்ரன் பார்த்திருப்பாரா? ஓரக்கண்ணால் அந்த மஞ்சள் நாக்குகளைப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் அது, செய்முறை அத்தியாயத்தில் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அது எழுத்துப்பிழையாகக்கூட இருக்கலாம். மனிதர் கொஞ்சம் சொக்குகிறார். காலை டிபனுக்குப் பொங்கல் வாங்கிக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. சொக்கட்டும். கடவுளே, இந்த மனிதர் நன்றாகத் தூங்கட்டும். நான் என்ன வேண்டிக்கொள்கிறேன் பாருங்கள், தேர்வாளர் தூங்க வேண்டும் என்று வழிகாட்டி வேண்டிக்கொள்கிறாள். கோகிலாவுக்கு வேலை காத்திருக்கிறது, ஈரோட்டுப் பக்கம் ஒரு பால் நிறுவனத்தில், ஆராய்ச்சிப் பிரிவில், பட்டம் கையில் வந்தால் உடனே சேரலாம், வராவிட்டால் அவர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். குடும்பமே அந்த ஊருக்கு வீடு பார்த்துவிட்டது. அதற்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது பொய் என்றும் தெரிகிறது. அவளுக்காக ஒரு பங்கு, எனக்காக மூன்று பங்கு. தேவசேனா மேடத்தின் மாணவி குளிர்ந்த பாலில் பீட்டா தேடினாள் என்று நாலு கல்லூரிகளில் சிரிப்பார்களே, என் வாக்கியத்தையே எடுத்து எனக்குச் சொல்வார்களே, ஃபிரிட்ஜின் கணக்கு என்று.

முடிவுகளுக்கு வந்துவிட்டாள். திரையில் பட்டைப் பட்டையாக வரைபடம். பெரிய உருண்டை, நடுத்தர உருண்டை, சின்ன உருண்டை, கடைசியில் உருண்டைக்கு வெளியே நீரில் கிடப்பது. நான் கடைசிப் பட்டையைப் பார்க்கிறேன். பீட்டா கொஞ்சமாகத்தான் வெளியே இருக்கிறது. கொஞ்சம் என்றால் மிகக் கொஞ்சம், அப்போதுதான் கறந்த பாலில் இருப்பதுபோல. எப்படி? ராத்திரி முழுக்க நாலு டிகிரியில் கிடந்த பாலில் அது நிறைய வெளியே வந்திருக்க வேண்டுமே. இந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன், அழகான படம் என்று பாராட்டியும் இருக்கிறேன், அப்போது ஏன் தோன்றவில்லை? இப்போது தோன்றுகிறது, தோன்றியதும் அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது, அழுக்காக, கூச்சமே இல்லாமல். எண்களை மாற்றிவிட்டாளோ? புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி வரும்படி உட்கார்ந்து எழுதிவிட்டாளோ? செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இவள் செய்வாளா? வெங்காயத்தைக்கூடத் தன்னுடையது என்று சொல்லாதவள். அவளைப் போய்ச் சந்தேகப்படுகிறேன். ஏனென்றால் அவள் திருடியாக இருந்தால் என் தப்பு சின்னதாகிவிடும். இதுதான் நான். இவ்வளவுதான் நான்.

கைதட்டுகிறார்கள், அவள் முடித்துவிட்டாள் போலிருக்கிறது. நானும் தட்டுகிறேன். விரல்கள் விறைத்துப் போயிருக்கின்றன, சத்தம் வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் வழக்கமான கேள்வியைக் கேட்கிறான், ஆட்டுப்பாலில் எப்படி இருக்கும் என்று, அவள் சொல்கிறாள். ராமபத்ரன் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். மஞ்சள் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்து செய்முறை அத்தியாயத்தில் நிற்கிறார். தூங்கவில்லை இந்த மனிதர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். "ஒரே ஒரு சந்தேகம்மா. பாலை நாலு டிகிரியில ஒரு ராத்திரி வெச்சதா எழுதியிருக்கீங்க. சரியா?" "ஆமாங்க சார்." "அப்படின்னா பீட்டா நிறைய வெளிய வந்திருக்கணும். உங்க படத்துல வரலை. ஒண்ணு, பாலை அப்படி வைக்கலை. இல்லை, இந்த நம்பர் பால்லேர்ந்து வரலை. நான் எதை நம்பறது?" குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை. ஏ.சி. ஓடுகிற சத்தம் கேட்கிறது. கோகிலா என்னைப் பார்க்கிறாள். நேராக, வேறு எங்கும் இல்லை, என்னை. நான் கைப்பையின் ஜிப்பைத் திறக்கிறேன். உள்ளே எதையோ தேடுகிறேன். சாவி இருக்கிறது, தைலம் இருக்கிறது, கைக்குட்டை இருக்கிறது. இல்லாததைத் தேடுகிறவளைப்போல மூன்றையும் மாற்றி மாற்றித் தொடுகிறேன். எழுந்து நில், நான்தான் குளிரில் வைக்கச் சொன்னேன் என்று சொல், இரண்டு வார்த்தை. தைலம், சாவி, கைக்குட்டை.

"சூடு பண்ணுனேனுங்க சார்" என்கிறாள் கோகிலா. தலை தூக்குகிறேன். "சுத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாலையும் முப்பத்தேழு டிகிரியில ரெண்டு மணி நேரம் வெச்சேனுங்க. மாட்டு மடியில இருக்கற சூடு. அப்படி வெச்சா பீட்டா திரும்ப உள்ள போயிருமுங்க சார்." போகும். உண்மை. குளிரில் வெளியே வந்தது சூடு பட்டால் திரும்பப் போகும், முன்பு இருந்த அதே உருண்டைக்கா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் போகும். "எதுல வெச்சீங்க? வாட்டர்பாத்லயா?" மறுபடியும் என்னைப் பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொள்கிறாள். "அது அப்போ ரிப்பேர்ல இருந்துச்சுங்க. குழந்தைக்குப் பால்புட்டி சூடு பண்ற மெஷின் ஒண்ணு வளைகாப்புக்குக் குடுத்தாங்க. அதுல டியூபை நிக்க வெச்சு, தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்துக்குவேனுங்க. லேடீஸ் ரூம்ல பிளக் இருந்துச்சு. அப்பப்போ போய்ப் பார்த்துட்டு வருவேனுங்க." பின்வரிசை கொல்லென்று சிரிக்கிறது. ராமபத்ரன் சிரிக்கிறார். அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை. டியூபை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்குகிற அந்த வாட்டர்பாத் ஒருநாளும் ரிப்பேர் ஆனதில்லை. அது என் அறைக் கண்ணாடிக்கு நேர் எதிரே இருக்கிறது, நான் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில். அதில் பாலைச் சூடாக்கினால் நான் பார்ப்பேன். நான் பார்க்கக் கூடாது என்பதற்காக அந்தப் பெண் டெஸ்ட் டியூப்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கழுவுதொட்டிக்குப் பக்கத்தில், ஈரத்தரையில், பால்புட்டி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் வந்ததும் ஒரு தடவை. கொஞ்ச நேரத்தில் மறுபடி. ஊருக்கே பால் ஊத்தப் போறியா. இல்லீங்க மேடம். டெஸ்ட் டியூப் ஸ்டாண்டைத் துணிப்பையில் ஏன் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லையே, என் நக்கல் எனக்கு அவ்வளவு இனித்தது.

"சரி, செஞ்சீங்க. ஆய்வேட்டுல ஏன் இல்லை?" "விட்டுப்போச்சுங்க சார். என் கவனக்குறைவுங்க." விட்டுப்போகவில்லை. எழுதினால் நான் படிப்பேன், அதனால் எழுதவில்லை. ராமபத்ரன் பேனாவின் மூடியைத் திருகுகிறார், இறுக்குகிறார், திருகுகிறார். "எழுதாத ஒண்ணை நீங்க வாயால சொல்றீங்கம்மா. நீங்க நல்ல பொண்ணாத்தான் தெரியறீங்க. ஆனா நான் ரிப்போர்ட் எழுதணுமே. இதைத் திருப்பிச் செஞ்சு காட்டுங்கன்னு எழுதினா ஆறு மாசம் போயிடும்." திரும்பி என்னிடம், "மேடம், இது உங்களுக்குத் தெரியுமா?" எல்லாத் தலைகளும் திரும்புகின்றன, வெங்காயத்துக்குத் திரும்பிய அதே தலைகள். எழுந்து நிற்கிறேன். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இத்தனை வருஷத்தில் எந்த வாக்கியமும் இவ்வளவு தெளிவாக எனக்கு வந்ததில்லை. எனக்குத் தெரியாது சார். குளிரில் வைக்கச் சொன்னது நான், அது என் தப்பு. அவள் எனக்குப் பயந்துகொண்டு மறைவாகச் சரி செய்திருக்கிறாள். அவள் செய்தேன் என்றால் செய்திருப்பாள், என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது போதும். இந்த மனிதர் இதைக் கேட்டால் எழுந்து கைகுலுக்குவார், அவள் கையை. வாயைத் திறக்கிறேன்.

"தெரியும் சார். சூடு பண்ணச் சொன்னதே நான்தான். எழுத மறந்துட்டா." வந்துவிட்டது. வேறு யாரோ சொன்னதுபோலக்கூட இல்லை, என் குரலேதான், வகுப்பில் ஒலிக்கிற குரல், கடைசியில் செல்லமாகக் கடிந்துகொள்கிற அந்த இழுப்பு வரைக்கும். ராமபத்ரன் முகம் மலர்ந்துவிடுகிறது. "அதானே பார்த்தேன். தேவசேனா மேடம் ஸ்டூடண்ட் இதைக் கோட்டை விடுவாங்களான்னு. நல்ல கைடு கிடைக்கறதுக்குக் கொடுத்து வெச்சிருக்கணும்மா நீங்க. ஒரு பாரா சேர்த்துடுங்க, போதும்." கைத்தட்டல். யாருக்கு? எனக்கும்தான். உட்கார்கிறேன். அவளுக்காகச் சொன்னேன். அவள் வேலைக்காக, ஆறு மாதம் வீணாகாமல் இருப்பதற்காக, குழந்தை, ஈரோட்டு வீடு. அவளுக்காகச் சொன்னேன் என்று ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன், உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவளுக்குப் பட்டம் கிடைத்திருக்கும் என்கிற இடத்தில் வந்து ஒவ்வொரு தடவையும் இடறுகிறது. கிடைத்திருக்கும். பட்டத்தோடு அது அவளுடையது என்பதும் கிடைத்திருக்கும். அவள் இத்தனை நாள் ஈரத்தரையில் உட்கார்ந்து காப்பாற்றிய ஒன்றை நான் நின்ற இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டேன், மறதிக்காரி என்ற பெயரை அவளுக்குக் கொடுத்துவிட்டு. எழுத மறந்துட்டா. அதைச் சொல்லாமலாவது விட்டிருக்கலாம். யாரும் கேட்கக்கூட இல்லை அதை.

அறிவித்துவிட்டார்கள். அவள் டாக்டர். அம்மா அழுகிறார், மாமியார் அவரை அழவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தானும் அழுகிறார். கதவு திறந்து திருமூர்த்தி குழந்தையோடு உள்ளே வருகிறார், வெயிலில் நின்று குழந்தையின் கன்னம் சிவந்திருக்கிறது. கோகிலா மைக்கைப் பிடித்து நன்றி சொல்கிறாள். கணவருக்கு, இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கு, பண்ணையில் பால் கறந்து கொடுத்தவர்களுக்கு. பிறகு என் பெயர். முறைத்துப் பார்ப்பாள், இல்லை குரலில் ஏதாவது ஒரு சுழிப்பு இருக்கும், எனக்கு மட்டும் புரிகிறமாதிரி, நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன், விடுவேனா? "எங்க மேடத்தைப் பத்தி என்ன சொல்றது. எல்லாமே அவங்க சொல்லிக் குடுத்ததுங்க" என்கிறாள். சுழிப்பு இல்லை. தேடித் தேடிப் பார்க்கிறேன், இல்லை. பீட்டா குளிரில் வெளியே வரும் என்பதையும் நான்தானே வகுப்பில் சொன்னேன், அதைத்தான் சொல்கிறாளோ? சொன்னது நான், கேட்டது அவள். நான் கேட்கவில்லை.

தாம்பாளத்திலிருந்து பொன்னாடையை எடுத்துக்கொண்டு வருகிறாள். முதலில் ராமபத்ரனுக்கு, பிறகு எனக்கு. ஊதா நிறம், சரிகை குத்துகிறது. தோளைச் சுற்றிப் போர்த்தி, முன்னால் இரண்டு முனைகளையும் சேர்த்துவிடுகிறாள், குழந்தைக்குத் துண்டு போர்த்துகிறமாதிரி. போட்டோ எடுக்கிற பையன் இந்தப் பக்கம் பாருங்க மேடம் என்கிறான். இப்போதாவது சொல்லிவிடலாம், காதோடு காதாக. "கோகிலா, அன்னிக்கு நான் உன்னை லேடீஸ் ரூமுக்கு…" என்று ஆரம்பிக்கிறேன். அவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு காலைத் தொடக் குனியப் போனவள் நிமிர்ந்துவிட்டாள். "என்னங்க மேடம், கை இப்படிச் சில்லுன்னு இருக்கு? குளிருதுன்னா சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்கிறாள். என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்கு நடுவில் வைத்து, குழந்தை கையைத் தேய்ப்பதுபோல, மெதுவாகத் தேய்க்கிறாள். அவள் கை சூடாக இருக்கிறது. கையை இழுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு மட்டுமாவது எனக்கு வெட்கம் இருக்க வேண்டும். போட்டோக்காரப் பையன் சிரிங்க மேடம் என்கிறான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.